டீசலிற் கலக்கும் நீர்

சென்ற காலபோக உழவு தொடங்கிய நாட்களில், வன்னிப் பகுதி விவசாயி ஒருவர் கையில் ஒரு போத்தலுடன் எமது அலுவலகப் படியேறி வந்தார். போத்தலின் மேற்பகுதியில் டீசல் மஞ்சளாய்த் தெளிந்து நின்றது. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீர் தங்கியிருந்தது. எரிபொருள் நிரப்பு நிலையமொன்றில் வாங்கிய டீசல் அது. அதனைத் தாங்கியில் ஊற்றிய மறுநாளே உழவு இயந்திரம் வயலின் நடுவில் நின்றுவிட்டது. பம்பும் பழுது, இன்ஜெக்டரும் பழுது. "ஐயா, டீசலுக்குக் காசு குடுத்தனான், தண்ணியைத் தந்திருக்கிறாங்கள். இதுக்கொரு சட்டமில்லையோ?" என்று கேட்டார்.

சட்டம் உண்டு என்றோம். ஒரு பண்டத்தைச் சொல்லி விற்பவன் அந்தப் பண்டத்தையே கொடுத்தல் வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் முதலாக இந்நாட்டில் நிலைத்துள்ள நெறியாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவோ, வாங்குவோரை ஏமாற்றும் வணிக நடத்தையை நேராகவே தடை செய்கின்றது. ஒரு கடிதம் போயிற்று. பழுதுபார்த்த செலவு வந்து சேர்ந்தது. மன்றின் படி மிதிக்காமலே காரியம் முடிந்ததில் அந்தப் பெரியவருக்கும் மகிழ்ச்சி, எமக்கும் மகிழ்ச்சி.

பணத்தைப் பெற்றுக்கொள்ள வந்த அன்று, தொழில்நுட்பக் கல்லூரியிற் பயிலும் தம் மகனையும் அவர் அழைத்து வந்திருந்தார். பையன் சற்றுத் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னான். மேல்நாடுகளில் எஞ்சின் புகையைக் குறைக்கும் பொருட்டு டீசலில் வேண்டுமென்றே நீர் கலக்கிறார்கள் என்று புத்தகத்திற் படித்தானாம். தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப அந்த முதலாளி எனக்கு உபகாரமெல்லோ செய்திருக்கிறார்!"

நாமும் சிரித்தோம். ஆனால் அவர்கள் போன பின்னரும் அந்தப் பேச்சு எம்மை விட்டுப் போகவில்லை. ஒரே நீர், ஒரே டீசல். ஓரிடத்தில் மோசடி, மற்றோரிடத்தில் மருந்து. இரண்டையும் பிரிப்பது எது? விஞ்ஞானமா, சட்டமா, அன்றி வெறும் பெயர்ப்பலகையா? டீசலை நம்பி உழுகின்ற, இறைக்கின்ற, கடலுக்குப் போகின்ற, பஸ் ஏறுகின்ற ஒரு சமூகம் இதனை ஆராயாமல் விடுதல் தகாது. தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகின்றோம்.

டீசல் எஞ்சினின் குறை அதன் பெருமையிலிருந்தே பிறக்கின்றது. உருளைக்குள் காற்றை இறுக்கி இறுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பது ருடோல்ஃப் டீசல் கண்ட வழி. 1897ஆம் ஆண்டில் அவர் ஓட்டிக் காட்டிய எஞ்சின், அக்காலத்து நீராவி எஞ்சின்களையெல்லாம் சிக்கனத்தில் வென்றது. ஆனால் எரியும் இடத்திலே சூடு ஈராயிரம் பாகை செல்சியசுக்கு மேற் போகின்றது. அந்தச் சூட்டில், காற்றிலே சாதுவாகக் கிடக்கும் நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரசன் ஒட்சைட்டுகளாகின்றன. ஈதொரு குறை. எரிபொருளின் எல்லாத் துளிகளுக்கும் காற்று வேண்டியபடி கிட்டாமையால் புகைக்கரி உண்டாகின்றது. ஈது மற்றொன்று. எஞ்சின் செய்வோரின் தலைவலி யாதெனில், இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதேயாம். சூட்டைக் கூட்டி நன்றாக எரித்தாற் கரி குறையும், நைதரசன் ஒட்சைட்டு கூடும். சூட்டைத் தணித்தால் ஒட்சைட்டு குறையும், கரி கூடும். கட்டிலின் நீளத்துக்குப் போதாத போர்வையை இழுப்பது போன்றது இந்த வேலை.

இங்கேதான் நீர் வருகின்றது. ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்குவதற்கு ஏறத்தாழ 2,260 கிலோயூல் வெப்பம் செலவாகும். எரிபொருளோடு சேர்ந்து உள்ளே போகும் நீர் இந்த வெப்பத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்வதால் சுவாலையின் சூடு தணிகின்றது. நைதரசன் ஒட்சைட்டு குறைகின்றது. சூடு தணிந்தாற் கரி கூடவேண்டுமே என்று கேட்கலாம். கூடுவதில்லை. ஒவ்வொரு டீசல் துளிக்குள்ளும் அடைபட்டிருக்கும் நுண்ணிய நீர்த்துளி, சூடு பட்டவுடன் திடீரென ஆவியாகி வெடித்து, தன்னைச் சுற்றியுள்ள டீசலைச் சிதறடிக்கின்றது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் ஈரக் கறிவேப்பிலையைப் போட்ட எவரும் இந்த வெடிப்பை அறிவர். சிதறிய டீசல் காற்றோடு நன்கு கலக்கின்றது, கரியும் குறைகின்றது. போர்வை இரு பக்கமும் எட்டுகின்றது!

ஆயின் அந்தப் பெரியவரின் உழவு இயந்திரம் ஏன் நின்றது? அவருடைய தாங்கியில் நீர் தனியாகவும் டீசல் தனியாகவும் கிடந்தன. அடியிலே தங்கிய நீர் பம்பிற் புகுந்து துருவேற்றும். மயிரிழை அளவேயான துவாரங்களையுடைய இன்ஜெக்டர் முனையைக் கெடுக்கும். நீரும் எண்ணெயும் சந்திக்கும் விளிம்பிலே கிருமிகள் வளர்ந்து வடியை அடைக்கும். இக்காரணத்தாலேதான் ஐரோப்பிய நியமம் ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராமுக்கு மேல் நீர் இருத்தலாகாது என்கின்றது. மருந்தாகும் நீரோ வேறு வகையிலே சேர்க்கப்படுவது. சவர்க்காரம் போன்று இரண்டையும் பிணைத்து வைக்கும் ஒரு சேர்மானத்துடன், உப்பு நீக்கிய தூய நீரை, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக, இயந்திரத்தால் அடித்துக் கலக்கிறார்கள். வெண்ணெயினுள் நீர் அடங்கியிருப்பது போல டீசலினுள் அது அடங்கி நிற்கும். பார்வைக்குப் பால் போலிருக்கும். இத்தாலியர் இதனை வெள்ளை டீசல் என்றே அழைத்தனர். எமது சுண்ணாம்புக் கிணற்று நீரை வாளியால் அள்ளித் தாங்கியில் ஊற்றுவதற்கும் இதற்கும் எள்ளளவும் உறவில்லை. இதனை அழுத்திச் சொல்கின்றோம். ஏனெனில் அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பரீட்சித்துப் பார்க்கும் ஆர்வலர் எமது ஊர்களிற் குறைவல்லர்.

நீரை எஞ்சினுக்குள் விடுவது புதிய எண்ணமுமன்று. கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஹொப்கின்சன் 1913ஆம் ஆண்டளவிலேயே வாயு எஞ்சினின் உருளைக்குள் நீரைப் பீச்சி உள்ளிருந்தே அதனைக் குளிர்விக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் தண்டர்போல்ட் முதலிய போர் விமானங்கள், நீரும் மதுசாரமும் கலந்து எஞ்சினுக்குட் பீச்சிச் சிறிது நேரத்துக்கு மிகைவலு பெற்றன. ஆனால் அவர்கள் தேடியது வலு. தூய காற்றுக்காக நீரைத் தேடிய காலம் பின்னரே வந்தது.

அது வந்த இடம் கலிபோர்ணியா. லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கவிந்து, கண்ணைக் கரித்து, கீரை வகைகளைக் கருக்கிய புகைமூட்டம் எங்கிருந்து வருகின்றதென்று 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கண்டு சொன்னவர் ஹாகன்-சிமித் என்னும் இரசாயனப் பேராசிரியர். வாகனங்களிலிருந்து வெளிவரும் நைதரசன் ஒட்சைட்டும் ஐதரோகாபனும் வெயிலிற் கூடி ஓசோனாக மாறுகின்றன என்று அவர் நிறுவினார். வானத்தின் உச்சியில் எம்மைக் காக்கும் ஓசோன், நிலத்தருகே நின்றால் நஞ்சு. இதனை எமது புகையிலைத் தோட்டக்காரர் குறித்துக்கொள்ளல் நன்று. அமெரிக்காவில் புகையிலை இலைகளிற் புள்ளி புள்ளியாய் விழுந்து விலையைக் கெடுத்த நோய்க்குக் காரணம் கிருமியன்று, ஓசோனே என்று 1959ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அந்நாள் தொட்டு, காற்றிலே ஓசோன் உண்டா என்றறிய ஆராய்ச்சியாளர் நட்டுப் பார்க்கும் செடிகளுள் ஒன்று ஒருவகைப் புகையிலையே. பட்டணத்துப் புகை பட்டணத்தாரின் பிரச்சினை என்று விவசாயி இருந்துவிட முடியாது.

கலிபோர்ணியா 1967ஆம் ஆண்டிற் காற்று வளச் சபையொன்றை அமைத்து, அந்தப் பேராசிரியரையே அதன் முதற் தலைவராக்கியது. டீசல் புகைக்கரி நச்சுப்பொருளென்று அச்சபை 1998இற் பிரகடனஞ் செய்தது. புதிய எஞ்சின்களுக்குப் புதிய விதி செய்யலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லொறிகளையும் துறைமுக இயந்திரங்களையும் என் செய்வது? அப்பொழுதுதான் லூப்ரிசோல் நிறுவனம் பியூரிநொக்ஸ் என்னும் நீர் கலந்த டீசலைக் கொண்டுவந்தது. நீர் ஐந்திலொரு பங்கு வரை அதில் இருந்தது. சபை அதனைச் சோதித்து, நைதரசன் ஒட்சைட்டு 14 வீதமும் புகைக்கரி 63 வீதமும் குறைவதாக 2001இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க மத்திய அரசின் சூழல் பாதுகாப்பு முகவரகமும் 2002இல் அதனை ஆராய்ந்தது. பிரான்சில் எல்ஃப் நிறுவனத்தின் அக்குவாசோல், ஏறத்தாழ 13 வீத நீருடன், நகர பஸ் வண்டிகளிற் பயன்பட்டது. இத்தாலியின் வெள்ளை டீசலும் பஸ்களிலேயே பெரிதும் ஓடியது.

கடலிலோ பலன் இன்னும் பெரிது. பின்லாந்து நாட்டு வார்ட்சிலா நிறுவனம் நீரைத் தனிக் குழாயால் உருளைக்குள் நேரே பீச்சும் கப்பல் எஞ்சின்களைச் செய்து, ஒட்சைட்டைப் பாதிக்குமேற் குறைத்தது. மாரியெல்லா என்னும் போல்டிக் கடற் பயணிக் கப்பலில் 1999 தொடக்கம், எஞ்சினுக்குப் போகும் காற்றையே கடல்நீராவியால் ஈரமாக்கினர். ஒட்சைட்டு முக்காற் பங்குக்கும் மேற் குறைந்தது.

பழைய எஞ்சினை மாற்றவேண்டாம், எரிபொருளை மாற்றினாற் போதும். அன்றைக்கே புகை குறையும். இத்துணை நல்ல மருந்து ஏன் உலகெங்கும் பரவவில்லை? பியூரிநொக்ஸ் ஏன் அமெரிக்கச் சந்தையிலிருந்து சில ஆண்டுகளிலேயே மீளப்பெறப்பட்டது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீர் எரியாது. 13 பங்கு நீரும் இரண்டு பங்கு சேர்மானமும் போக, 100 லீற்றர்க் கலவையில் 85 லீற்றரே டீசல். முன்னர் 100 லீற்றராற் செய்த வேலைக்கு இனி ஏறத்தாழ 117 லீற்றர் வேண்டும். ஒரே அளவு எரிபொருளைப் பீச்சும் எஞ்சினில் உச்ச வலுவும் அதற்கேற்பக் குறையும். கடுகண்ணாவ ஏற்றத்தில் பாரமேற்றிய லொறியை ஓட்டுபவர் இதனை முதல் வளைவிலேயே உணர்வார். நெடுங்காலம் அசையாது கிடந்தாற் கலவை பிரியத் தொடங்கும். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்குமிடையே மாதக்கணக்கிற் கொட்டிலில் நிற்கும் உழவு இயந்திரத்துக்கு இது பெருங்குறை. எரியாத ஐதரோகாபனின் அளவு கூடுவதும் சோதனைகளிற் காணப்பட்டது. மேல்நாட்டார் அஞ்சிய பனிக்கால உறைவு ஒன்றே எமக்கு இல்லாத தொல்லை.

இவற்றுள் எதுவும் தீர்க்க முடியாததன்று. ஆனால் இந்தக் கணக்கின் அடியிலே வேறொரு கணக்குக் கிடக்கின்றது. சட்டம் படித்தவர்களின் கண்ணுக்கு அதுவே முதலிற் படும். செலவு யாருக்கு? எஞ்சின் உரிமையாளனுக்கு. இலாபம் யாருக்கு? தெருவோரம் மூச்சு விடுகின்ற எல்லோருக்கும். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் மாணவிக்கும், சந்தியிற் கடலைக்காரனுக்கும், ஈளை நோயாளிக்கும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குமென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012 ஜூனில் ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. அந்தப் புகை குறைவதனால் எவரெவரோ நோயின்றி வாழ்வர். ஆனால் அவர்களுள் ஒருவரேனும் லொறிக்காரனின் 17 லீற்றருக்குக் காசு கொடுக்கப் போவதில்லை. தருமத்துக்காக எத்தனை பேர் நாள்தோறும் நட்டப்படுவர்? நற்பண்டம் சந்தையில் தானே வெல்லும் என்பவர்கள் இந்த ஒரு பண்டத்தின் வரலாற்றைப் படித்தாற் போதும்.

வரியை எடுத்துக்கொண்டால் அநியாயம் இன்னும் வெளிப்படை. ஐரோப்பாவிலே எரிபொருள் வரி பெரும்பாலும் கன அளவின்மேல், ஆயிரம் லீற்றருக்கு இவ்வளவென்று விதிக்கப்படுவது. அப்படியாயின், நூறு லீற்றர் வெள்ளை டீசல் வாங்கும் பஸ் கம்பெனி, அதிலுள்ள 13 லீற்றர் தண்ணீருக்கும் டீசல் வரி கட்டுகின்றது! காற்றைத் தூய்மை செய்ய முன்வந்தவனிடம் நீருக்கு வரி கேட்பது எந்த ஊர் நியாயம்? இதனை உணர்ந்தே பிரான்சும் இத்தாலியும் நீர் கலந்த டீசலுக்குக் குறைந்த வரி கேட்டன. ஐரோப்பிய ஒன்றியமும் தன் பொது வரி விதிக்கு விலக்களித்து அதற்கு இசைந்தது. இத்தாலிக்கு அந்த இசைவு 2000 ஒக்டோபரிலிருந்து 2005 முடிவு வரை எனக் காலம் குறித்து வழங்கப்பட்டது. சுவீடன் இன்னும் நேர்மையான வழி கண்டது. 1998 ஜனவரி தொடக்கம், தன் கடல்வழிகளுக்கு வரும் கப்பல்களின் கட்டணத்தை அவை வெளிவிடும் நைதரசன் ஒட்சைட்டின் அளவுக்கேற்ப ஏற்றியும் இறக்கியும் விதித்தது. எந்தக் கருவியைப் பூட்டுவது என்று அரசு சொல்லவில்லை. புகை குறைந்தாற் பணம் மிச்சமென்றது. கப்பற்காரர் தாமே வழி தேடிக்கொண்டனர்.

கலிபோர்ணியாவிலும் ஐரோப்பாவிலும் பின்னர் கந்தகம் நீக்கிய டீசலும், புகைக்கரி வடிகளும், யூரியாக் கரைசலாற் புகையைச் சுத்திகரிக்கும் ஏற்பாடும் வந்தன. புதிய வாகனங்களுக்கு நீர் கலந்த டீசல் தேவையற்றதாயிற்று. (அந்த யூரியாக் கரைசலில் மூன்றிலிரண்டு பங்கு நீரே! எஞ்சினுக்குள் போகவேண்டிய நீர் இப்பொழுது புகைக் குழாய்க்குட் போகின்றது, அவ்வளவே.) செல்வ நாடுகள் பழைய வண்டிகளைத் தள்ளிவிட்டுப் புதியன வாங்கிக்கொண்டன. ஆகவே மருந்து தோற்றதென்று சொல்லுதல் பிழை. நோயாளியே மாறிவிட்டான்.

எம் நாட்டு நோயாளி மாறவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளிற் பழைய பஸ்களும் லொறிகளும் ஒட்டுப்போட்டு ஓடின. இன்று புதிய வண்டியின் விலையைக் கேட்டு வாங்கத் துணிபவர் எத்தனை பேர்? இருபது முப்பது ஆண்டு கண்ட எஞ்சின்களே இன்னும் எமது நெல்லைச் சுமக்கின்றன, மீனைச் சுமக்கின்றன, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகின்றன. அவற்றை ஒரே நாளில் ஒழித்துவிடலாமென்று குளிரூட்டிய அறையிலிருந்து பேசுவோர் பேசட்டும். பழைய எஞ்சினுக்குரிய மருந்துகளைப் பற்றிப் பேச வேண்டியது எமது கடமை.

சட்டம் இதில் எங்கே நிற்கின்றது? நஞ்சுக் காற்றைச் சுவாசிக்க மக்களை விட்டுவைப்பது அடிப்படை உரிமை மீறலென்று கூறிக் கொழும்புச் சட்டத்தரணி ஒருவர் 1998இல் உயர் நீதிமன்றம் சென்றார். வாகனப் புகைக்கு அளவு விதிக்கும் ஒழுங்குகள் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ்ப் பிறந்ததில் அவ்வழக்குக்குப் பெரும் பங்குண்டு. 2008 தொடக்கம் மேல் மாகாணத்திலும் பின்னர் ஏனைய மாகாணங்களிலும் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் இல்லையேல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. நல்லதே. ஆனால் அங்கே டீசல் வண்டிக்கு அளக்கப்படுவது யாது? புகையின் கருமை. ஒளி எவ்வளவு மறைகின்றது என்பதைக் கருவி காட்டும், அவ்வளவே. கண்ணுக்குத் தெரியாத நைதரசன் ஒட்சைட்டைப் பரிசோதகர் அளப்பதில்லை. கரும்புகை விடும் வண்டி தண்டனை பெறும். நிறமற்ற நஞ்சை விடும் வண்டி சான்றிதழோடு வெளியே வரும். கண்ட கள்ளனைப் பிடித்துக் காணாத கள்ளனை விட்டுவிடும் காவல் இது. ஒன்றை அளவாதவரையில் அதனைக் குறைப்பவனுக்குச் சலுகை வழங்கவும் இயலாது. சுவீடன் கப்பலுக்குச் செய்ததை நாம் பஸ்ஸுக்குச் செய்ய விரும்பினாலும் முதற்படியே இல்லை.

கெடுத்தவன் ஈடு செய்யவேண்டும் என்னும் நெறி எமக்குப் புதிதன்று. டீசலும் நீரும் கலந்த மற்றொரு கதையை யாழ்ப்பாண விவசாயி மறந்திருக்க முடியாது. சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடியிற் புகுந்து கிணறு கிணறாகப் பரவியபோது, இறைத்த நீரிலே எண்ணெய் மிதந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கெடுத்தவனே செலவேற்க வேண்டுமென்ற நெறியைக் கைக்கொண்டு, அந்த நிறுவனம் அயலிலுள்ள குடும்பங்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. மக்களின் நட்டத்துக்கு அத்தொகை ஈடாகுமோ என்பது வேறு வழக்கு. எமது நோக்கம் அந்நெறியின் மறுபக்கத்தைக் காட்டுவதே. கெடுத்தவன் கொடுக்கவேண்டுமாயின், கெடாமற் காப்பவனுக்கும் கொடுக்கப்பட வேண்டுமன்றோ? தன் செலவில் ஊர்க் காற்றைத் தூய்மை செய்பவன் மேலும் வரி கட்டுவதும், புகையைக் கக்கி ஓடுபவன் மலிவாக ஓடுவதும் ஒரு நெறியின்கீழ் எவ்வாறு அடங்கும்?

இனி, அந்தப் பெரியவரின் சிரிப்புக்கு விடை சொல்லலாம். அவர் வாங்கியதும் இத்தாலியன் வாங்கியதும் நீர் கலந்த டீசலே. ஆனால் இத்தாலியனுக்குக் கலந்த பொருளும் கலந்த அளவும் சொல்லப்பட்டன, கலவை சோதிக்கப்பட்டது, விலையிலும் வரியிலும் நீருக்கு ஈடு செய்யப்பட்டது. எமது பெரியவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. நீரும் டீசல் விலைக்கே விற்கப்பட்டது. நீர் கலந்த டீசல் என்று பலகை எழுதி நாளை ஒருவர் வியாபாரந் தொடங்கினாலும் இந்த உரைகற்களிலேயே அவரை உரைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1996இல் ஒருவர் நீரிலும் மூலிகையிலுமிருந்து பெற்றோல் எடுப்பதாகக் காட்டிப் பெரிய மனிதரையெல்லாம் மயக்கினார். இருபது ஆண்டு கழித்து 2016இல் நீதிமன்றம் அது மோசடியெனத் தீர்த்துச் சிறைத்தண்டனை விதித்தது. நீர் எரிபொருளாகும் என்பவனை நம்பவேண்டாம். நீர் எரிபொருளாகாது என்று சொல்லி, இழப்பின் கணக்கையும் முன்வைத்து, அதன்பின் புகைக் கணக்கைக் காட்டுபவனிடம் மட்டுமே பேசலாம்.

எனவே இதனை நாளையே எல்லா நிரப்பு நிலையங்களிலும் விற்கவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. விவசாயியின் உழவு இயந்திரத்தில் இதனைப் பரீட்சிக்கவும் வேண்டாம். 2022இல் ஒரு கலன் டீசலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றவன் அவன். அவனுடைய ஒவ்வொரு லீற்றரும் உழவாக மாறவேண்டியது. கலிபோர்ணியாவும் பிரான்சும் செய்தது போன்று, தனக்கென்று தாங்கியும், நாள்தோறும் ஓடும் வண்டிகளும், பழகிய திருத்துநரும் உள்ள ஓரிடமே இதற்குப் பொருத்தம். கோண்டாவில் பஸ் டிப்போவை நினைத்துப் பாருங்கள். அங்கே நிரப்பிய எரிபொருள் அன்றே எரிந்துபோகும், பிரிவதற்கு நேரமில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு தட்டை நிலம். ஏற்றத்தில் வலுக்குறையும் தொல்லையும் இல்லை. பத்துப் பழைய பஸ்களை ஓராண்டுக்கு ஒதுக்கி, ஐந்தில் வழக்கமான டீசலும் ஐந்தில் நீர் கலந்த டீசலும் ஊற்றி, புகைக்கரியையும் நைதரசன் ஒட்சைட்டையும் எரிபொருட் செலவையும் பழுதுச் செலவையும் எமது பல்கலைக்கழகப் பொறியியலாளர் அளந்து எழுதட்டும். வந்த கணக்கு எதுவாயினும் மும்மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். பலன் இல்லையெனிற் கைவிடலாம், செலவு சிறிது. பலன் உண்டெனின், கலவையிலுள்ள டீசலுக்கு மட்டும் வரி, நீருக்கு வரியில்லை என்ற ஒரு வரி விதி வேண்டும். மேலும் எரியும் லீற்றர்களுக்கு டிப்போவுக்கு ஈடு வேண்டும். கலவையை எவரும் சாதாரண டீசலென்று மாற்றி விற்காதபடி அதற்குத் தனி நிறமும் தனிப் பெயரும் சட்டத்தால் வேண்டும்.

அதற்கு முன்னே செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குப் புதிய எரிபொருளும் வேண்டாம், வெளிநாட்டுக் கம்பெனியும் வேண்டாம். புகைப் பரிசோதனையில் நைதரசன் ஒட்சைட்டையும் அளந்து சான்றிதழில் எழுதுக. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதன் பெயரால் எவரையும் தண்டிக்க வேண்டாம்; எழுதினாற் போதும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வருகின்ற வரவு செலவுத் திட்ட விவாதத்திற் சுற்றாடல் அமைச்சரிடம் இந்த ஒரு கேள்வியையேனும் எழுப்புவார்களா? கேள்வியை எழுத்தில் வரைந்து கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.